மாமாவும் நானும் ஒரு அம்பாசிடரும்

நைட் டியூட்டி முடிச்சிட்டு எழுதுறேன். இது கார் பதிவுங்க. மருத்துவமும் நடுவுல வரும், பொறுத்துக்கோங்க.

எங்க மாமா நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில முப்பது வருசம் வெல்டர். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: கம்பெனியிலிருந்து பல லாரிகள் வெறும் சேஸியாத்தான் இங்க வரும். கேபின், பின்னாடி பாடி, பெயிண்ட் எல்லாம் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள்ல ஏறும். ஊருக்கே வண்டி கட்டின மனுசன் தனக்குன்னு ஒண்ணும் கட்டிக்கலை.

போன மாசம் ஒரு 1988 மாடல் அம்பாசிடரை வாங்கிட்டு வந்து நிறுத்திட்டார். யூட்யூப்ல ஹாட் ராட் பார்த்த வினை. பழைய ஃபோர்டு மாதிரி காரை வாங்கி, மட்கார்டைக் கழட்டி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சின் வெச்சு ஓட்டறதுதான் ஹாட் ராட். கலிஃபோர்னியாவுல காய்ஞ்ச ஏரிப் படுகையில ரேஸ் விட்ட பசங்க வளர்த்த பழக்கம்.

"நம்மூர்லயும் ஏரி காய்ஞ்சுதான கெடக்குது மாப்ள!"

ஞாயித்துக்கிழமை திண்ணையில நோட்டு போட்டு உக்காந்தோம். டர்போ டீசல் எஞ்சின், கூரையில நாலு இஞ்ச் வெட்டுன்னு அவர் சொல்லச் சொல்ல, நான் அடிச்சுக்கிட்டே வந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிருச்சு. அதே வருசத் திருத்தத்துல, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டுமே கூட விழலாம். 50 வருசம் ஆன வண்டிக்கு 2021ல விண்டேஜ் பதிவு வந்துச்சு. அதுக்கும் வண்டி பழைய உருவத்துலயே இருக்கணும். நம்ம வண்டிக்கு அந்த வயசு 2038லதான்.

மாமா மூஞ்சி தொங்கிருச்சு. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் என் லிஸ்டைச் சொன்னேன். முதல்ல பிரேக், அடுத்து சீட் பெல்ட். ஆண்டகளூர் கேட் பக்கம் பைபாஸ்ல அடிபட்டு வர்றவங்க நெஞ்சுல ஸ்டியரிங் வட்டம் அப்படியே பதிஞ்சிருக்கும். வெளிய சின்னக் கன்னல்தான் தெரியும். உள்ள நெஞ்செலும்பு உடைஞ்சிருக்கலாம், இதயத்துலயே அடி இருக்கலாம். அதான் வலி கம்மின்னு சொன்னாலும் ஈசிஜி எடுக்காம விடமாட்டோம். பெல்ட்டோட கீழ்ப்பட்டை வயித்து மேல ஏறாம இடுப்பெலும்பு மேல படியணும். போல்ட் பிடிக்கிற இடத்துல வெறும் தகடு தாங்காது, பின்னாடி கனமான பிளேட் வேணும். இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்தார். அது அவர் ஏரியா. நோட்டைப் பிடுங்கி அவரே வரைய ஆரம்பிச்சிட்டார்.

நான் சொல்லாம வெச்சிருந்தது ஒண்ணு இருக்கு. மாமாவுக்குப் பதினஞ்சு வருசமா சக்கரை. ரெண்டு கண்ணுலயும் விழித்திரைக்கு லேசர் வெச்சாச்சு. லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாத்தும், போனதைத் திருப்பித் தராது. இருட்டுல ஓட்டுறது இனிமே அவருக்குச் சரிப்படாது. பகல்லயும் எத்தனை நாளைக்குன்னு தெரியலை. (சக்கரை இருக்கறவங்க, கண்ணு நல்லாத்தான தெரியுதுன்னு இருக்காதீங்க. வருசம் ஒரு தடவை சொட்டு மருந்து ஊத்தி விழித்திரையைப் பார்த்துருங்க.)

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். அவர் வரைஞ்சதைப் பார்த்தா, டிரைவர் சீட்டுக்கு மேல என் பேரை எழுதியிருக்கார். பக்கத்து சீட்டுல 'மாமா'.

"நீ ஓட்டு மாப்ள. என் பக்கத்து பெல்ட்டுக்கு மட்டும் பிளேட்டை நானே பத்த வெச்சுக்கறேன்."

உத்தர்பாரா தொழிற்சாலை 2014லயே நின்னுபோச்சு, சாமானுக்கு அலைச்சல்தான். சேலம் பக்கம் நல்ல பிரேக் டிரம் வெச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.