தோளுக்கு எதற்கு அந்தப் பாரம்?

நம்மூர்ப் பெண்களில் பலர் பிளவுஸ் அளவைச் சொல்லித்தான் பிரா வாங்குகிறார்கள். "பிளவுஸ் நாற்பதுங்க, அதே அளவுல ஒரு பாடி குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் நாற்பதை எடுத்து, தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கவரும் போட்டு நீட்டுவார். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பதற்குள் அது பைக்குள் போய்விடும். வீட்டில் போட்டுப் பார்த்தால் முதுகுப் பட்டை கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டு நிற்கும். திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உள்ளாடைகள் மாற்றித் தரப்படமாட்டாது என்று கல்லாவுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே காலம் போனதால், பெண்களின் தோளையும் முதுகையும் அவர்களுடைய அம்மாக்களைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மார்பு பெரிதாக வளர்ந்துவிட்ட பிள்ளையை நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். தோளை முன்னால் குறுக்கி, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து, சுவர் ஓரமாகவே நடக்கும். பி.டி. பீரியட் என்றால் வயிற்றுவலி வந்துவிடும். அந்த வயிற்றுவலியை யாரும் விசாரித்ததில்லை.

இதை எழுதுவது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. முப்பதை ஒட்டிய வயது. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தாள். "பெரியம்மா, மார்பைக் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

"பேசறது இருக்கட்டும். என்ன அளவு போடற?"

"நாற்பது டி."

கதவைச் சாத்திவிட்டு நாடாவை எடுத்தேன். மார்புக்குக் கீழே, விலா எலும்பை ஒட்டி இறுக்கிப் பிடித்தால் 33 அங்குலம். மார்பின் மேடான இடத்தில் தளர்வாகச் சுற்றினால் 42. அவள் போட வேண்டிய பட்டை 34. நாற்பது இல்லவே இல்லை.

கணக்கு இதுதான். பிராவின் எண் என்பது மார்பின் கீழே சுற்றிவரும் பட்டையின் அளவு. பின்னால் வரும் எழுத்துதான் கப். பட்டை அளவுக்கும் மார்பின் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. அதற்கு மேல் பிரிட்டிஷ் கணக்கில் டபுள் டி, இ, எஃப், டபுள் எஃப் என்று போகும். அமெரிக்கக் கணக்கு வேறு மாதிரி. ஆகவே பெரிய அளவு வாங்கும்போது எழுத்தை நம்பாமல், அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலில் அங்குலத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். என் தங்கை மகளுக்கு வித்தியாசம் எட்டு அங்குலம். அதாவது 34 டபுள் எஃப். அப்படி ஒரு அளவு இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெருமுனைக் கடையில் டி-யோடு கதை முடிந்துவிடுகிறது.

டி என்றாலே பெரிது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1932-ல் அமெரிக்காவில் எஸ்.எச். கேம்ப் என்ற நிறுவனம் முதன்முதலில் மார்பின் அளவுக்கு எழுத்து கொடுத்தபோது ஏ முதல் டி வரைதான் வைத்தது. அந்த நாலு எழுத்திலேயே நம் கடைகள் இன்னமும் உட்கார்ந்திருக்கின்றன. தவிர, டி என்று தனியாக ஒரு அளவே கிடையாது. 30 டி போடும் ஒல்லிப் பெண்ணின் கப்பும் 38 டி போடும் பெண்ணின் கப்பும் ஒன்றல்ல. பட்டை ஒரு அளவு ஏறினால், அதே எழுத்துக்கு கப்பும் பெரிதாகும். 34 சி, 32 டி, 36 பி மூன்றிலும் கப் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். இது தெரிந்த விற்பனைப் பெண்கள் இருக்கிறார்கள். கடையில் கூட்டம் இல்லாத முற்பகல் நேரமாகப் பார்த்துப் போனால், அவர்களே நாடா எடுத்து அளந்து தருவார்கள். கேட்பதற்குத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

பட்டை தொளதொளவென்று இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். மார்பில் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பியும் தோலும்தான். அதன் கனத்தைத் தாங்க வேண்டியது பிராவின் பட்டை. அது தளர்ந்தால் கனம் முழுக்கத் தோள் நாடாவுக்குப் போய்விடும். நிறைகுடத்தை இடுப்பில் வைக்காமல் கயிறு கட்டித் தோளில் தொங்கவிட்டது போல. தங்கை மகளின் இரண்டு தோளிலும் சுண்டுவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மார்புக்கு அடியில், மடிப்பில், வேர்வையால் சிவந்து தோல் உரிந்திருந்தது. பவுடர் போட்டுப் போட்டு அது கட்டிதட்டிக் கிடந்தது. சித்திரை வெயிலில் சென்னையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு எரியும் என்று சொல்லத் தேவையில்லை. அது பூஞ்சைத் தொற்று. பவுடரால் போகாது, தோல் டாக்டரிடம் மருந்து வாங்கிப் போட வேண்டும்.

"ஆபரேஷன் எங்கேயும் ஓடிடாது. முதல்ல ஆறு மாசம் சரியான அளவு போட்டுப் பாரு" என்றேன். ஆன்லைனில் வரவழைத்தாள். புது பிராவை வெளிக்கோடிக் கொக்கியில் மாட்ட வேண்டும். போகப்போக இலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிக்கு வரலாம். முதல் நாளே உள்கொக்கியில் மாட்டினால்தான் இறுக்கம் என்றால் பட்டை பெரிது. குனிந்து, கக்கத்துப் பக்கம் ஒதுங்கிய சதையைக் கையால் கப்புக்குள் கொண்டுவந்துவிட்டு நிமிர வேண்டும். முதுகுப் பட்டை முன்பக்கத்தின் மட்டத்திலேயே நிற்க வேண்டும். தோள் நாடாவுக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கம்பி வைத்தது என்றால் நடுத்துண்டு நெஞ்செலும்பில் படிய வேண்டும். கையைத் தூக்கினால் பட்டை கூடவே ஏறக் கூடாது.

இடையில் ஒன்று. கம்பி வைத்த பிரா, கறுப்பு பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதிப் பெண்களிடம் விசாரித்து 2014-ல் வெளியான ஆய்வில், பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. நிறத்தைப் பற்றிய பயம் வெறும் புரளி.

ஆறு மாதத்தில் அவளுக்குத் தலைவலி குறைந்தது, தோள் பள்ளம் கொஞ்சம் மேடேறியது. சிலருக்கு இத்துடன் விஷயம் முடிந்துவிடும், கத்தியே வேண்டாம். அவளுக்கு முடியவில்லை. கழுத்துவலி பிசியோதெரபிக்குப் பிறகும் திரும்பித் திரும்பி வந்தது. எடையைக் குறைத்தாள், முகம்தான் ஒட்டியது. மார்பில் கொழுப்பு எவ்வளவு, சுரப்பி எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். சுரப்பி அதிகமாக உள்ளவர்களுக்கு எடை குறைந்தாலும் அங்கே பெரிதாகக் குறையாது. "கொஞ்சம் உடம்பைக் குறை, எல்லாம் சரியாகும்" என்று சொல்லும் அத்தைமார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் சர்ஜனிடம் நானும் கூடப் போனேன். அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு ஒரு நிமிடம் தையல் வகுப்பில் இருப்பதாகவே தோன்றியது. அது ஒரு துணி வெட்டும் பேட்டர்ன்தான்! 1956-ல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க டாக்டர், பிரா கப்பின் வெட்டைப் பார்த்து உண்டாக்கிய வரைபடமாம். இன்றும் பல இடங்களில் அதை வைத்தே கோடு போடுகிறார்கள். கீழேயும் பக்கங்களிலும் உள்ள தோல், கொழுப்பு, சுரப்பியை எடுத்துவிட்டு, மிச்சத்தை இணைத்துத் தைத்துக் கூம்பாக்குகிறார்கள். நாம் பிளவுஸில் டாட் பிடிப்பதும் இதற்குத்தானே. காம்பை முழுதாக வெட்டி எடுப்பதில்லை. ரத்த ஓட்டம் உள்ள சதையோடு சேர்த்து மேலே நகர்த்தி வைக்கிறார்கள். மிக மிகப் பெரிய மார்பு என்றால் மட்டும் சில சமயம் தனியாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். தழும்பு காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடி மடிப்பில் ஒரு கோடு. குறைவாக எடுப்பவர்களுக்கு அடிக்கோடு இல்லாமலும் முடிக்கலாம்.

அந்த டாக்டரை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அவர் ஆசை காட்டவில்லை. தழும்பு நிச்சயம் இருக்கும், மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றவர், தழும்பு தடித்து வளரும் உடல்வாகா என்று கேட்டார். காம்பில் உணர்ச்சி குறையலாம். கோடுகள் சந்திக்கும் இடத்தில் புண் ஆறத் தாமதமாகலாம். சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்ன கப் அளவு வரும் என்று எழுதித் தர மாட்டேன் என்றும் சொன்னார். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே மேமோகிராம் எடுத்துப் பார்த்துவிடுவார்களாம்.

தங்கையின் முதல் கேள்வி இதுதான். "நாளைக்குக் குழந்தை பிறந்தா பால் குடுக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. பதிலும் நேர்மையாகவே வந்தது. காம்பு அடியில் உள்ள சுரப்பியோடு ஒட்டியே இருந்தால் பலரால் கொடுக்க முடியும், சிலருக்குப் போதாமல் போகும், உத்தரவாதம் இல்லை. கர்ப்பமானால் மார்பின் அளவும் மாறும் என்பதால், சீக்கிரமே குழந்தை பெற நினைப்பவர்களைத் தள்ளிப்போடச் சொல்வதும் உண்டு. வளர்ச்சி நிற்காத சின்ன வயதிலும் பொதுவாகக் காத்திருக்கவே சொல்வார்கள். இதையெல்லாம் கேட்டு யோசித்து முடிவெடுக்க வேண்டியது அந்த உடம்பைச் சுமப்பவள். அம்மாவுக்குக் கவலைப்பட உரிமை உண்டு, தீர்ப்புச் சொல்ல இல்லை. இதை என் தங்கையிடம் சொன்னதற்கு அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

"பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்பது அவளுடைய அடுத்த கவலை. அதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை. வலிக்காகச் செய்த வைத்தியத்தைக் குற்றம் என்று நினைக்கிற வீடு நமக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

சிமோனா ஹாலெப் என்ற ருமேனியா நாட்டு டென்னிஸ் வீராங்கனை 2009-ல், தன் 17-வது வயதில் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். விளையாட்டுக்கு மட்டுமல்ல, அன்றாட வாழ்க்கைக்கே அது பாரமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு உலகின் முதலிடத்துக்கு வந்து, 2018-ல் பிரெஞ்சு ஓப்பன், 2019-ல் விம்பிள்டன் வென்றார். நம் ஊரிலும் 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கும் ஒப்பனைச் சிகிச்சைக்கும் இலவசப் பிரிவு தொடங்கினார்கள். அரசாங்கப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று அப்போது விமர்சனம் எழுந்தது. பெரிய மார்பால் தோள்வலி, முதுகுவலி என்று வருகிற ஏழைப் பெண்ணும் அந்த வரிசையில் நிற்பாள் என்பதை விமர்சித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மருத்துவக் காப்பீட்டுக்காரர்களும் இதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். அழகுக்கான அறுவை என்றால் பணம் கிடையாது. உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து இருக்கிறது, சிகிச்சை அவசியம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் வழி உண்டு என்கிறது விதி. ஆனால் அதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே தோல் டாக்டர் சீட்டு, எலும்பு டாக்டர் சீட்டு, பிசியோதெரபி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை மகள் செய்துகொண்டாள். ஒவ்வொரு பக்கமும் அரைக் கிலோவை ஒட்டி எடுத்தார்கள். தழும்பு இருக்கிறது, இடது காம்பில் உணர்ச்சி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கழுத்துவலி மாத்திரை வாங்குவது மட்டும் நின்றுவிட்டது. வீக்கம் வடிய மாதக்கணக்காகும் என்பதால், அதுவரை ஆஸ்பத்திரியில் சொன்ன கம்பி இல்லாத பிராவோடு இருந்துவிட்டு, பிறகு மறுபடி என்னிடம் வந்து அளவு எடுத்துக்கொண்டாள்.

படிக்கிற அம்மாக்களுக்கும் புருஷன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பெண் தோள்வலி, முதுகுவலி என்று சொன்னால் முதலில் ஒரு அளவு நாடா வாங்கிக் கொடுங்கள். அதில் தீரவில்லை என்றால் டாக்டரிடம் கூடப் போங்கள். அவள் ஆபரேஷன்தான் என்று முடிவெடுத்துவிட்டால், அதற்குப் பிறகு ஆறு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தை எதையும் அவளைத் தூக்க விடாதீர்கள்.