அடுக்கில் மூன்றாவது

சுவிட்ச் என்றால் சுவரில் விளக்கேற்றும் பொத்தானையே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். தில்லியில் நாம் பணிபுரியும் அலுவலகத்தின் கோப்புகளெல்லாம் கணினிக்குள் குடிபுகுந்த பின்னரே, கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிக்கும் அதுவே பெயர் என்று அறிந்தோம். இங்கே அத்தகைய பெட்டிகள் நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்புறம் தடித்த கேபிள்களால் வளையமாகப் பிணைத்திருக்கிறார்கள். பெட்டிக்கு 48 துளைகள். நான்கும் சேர்ந்து ஒரே பெட்டியைப்போல் இயங்கும். அவற்றுள் ஒன்று தலைமை தாங்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு மூன்றாவது பெட்டி கண்மூடிவிட்டது. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்க வழியே மற்ற மூன்றும் பேசிக்கொண்டன. நம் பிரிவு மட்டும் ஊமையாயிற்று. 32 ஆண்டுகள் நம் பிரிவுக்குக் கோப்பு சுமந்த தஃப்தரி அன்று மாலை ஓய்வு பெறுகிறார். அவருடைய நிலுவைக் கோப்பில் இறுதிக் குறிப்பை நாம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். வேறு பிரிவில் அமர்ந்து அனுப்பலாமெனின், கையொப்பத்துக்குரிய மென்பொருள் நம் கணினிகளில் மட்டுமே இருந்தது. அவரோ ஒன்றும் கேட்காமல், வழக்கம்போல் தேநீர் கொணர்ந்து வைத்துவிட்டுப் போனார்.

நண்பகலில் ஒப்பந்தக்காரரிடமிருந்து இருவர் மாற்றுப் பெட்டியுடன் வந்தனர். இளைஞர் அதை மேசைமேல் இயக்கி, விளக்கெரிவதைக் கண்டதும், ஓடும் நிலையிலேயே அடுக்கில் செருகிவிடலாம் என்றார். “குச் நஹீன் ஹோகா” என்பது அவர் வாக்கு. இவ்வூரில் இச்சொல்லைக் கேட்டு நாம் பட்டவை பல. மூத்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நிறுத்தியது நன்றாயிற்று. அந்தப் பெட்டி முன்பு வேறோர் அலுவலகத்தில் தலைமை வகித்ததாம். அவ்விடத்து அமைப்புக் குறிப்புகள் அழிக்கப்படாமல் அதனுள் இருந்தன. தலைமைக்குரிய முன்னுரிமை எண் இவ்வகையில் 1 முதல் 15 வரை. வந்ததன் எண் 15. நம் தலைவனின் எண் 10. இயங்கிக்கொண்டிருக்கும் இரு தலைமைகள் சந்தித்தால் தேர்தல் நிகழும்; தோற்ற தரப்பு தன்னை அணைத்து மீண்டும் எழுந்து, வென்றதன் குறிப்புகளை ஏற்கும். நம் பிரிவோடு நின்றிருந்த ஊமைத்தனம் அலுவலகம் முழுவதும் பரவியிருக்கும்!

மூத்தவர் அவசரப்படவில்லை. பழைய குறிப்புகளை அழித்தார். மென்பொருளின் பதிப்பு மற்றவற்றோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தார். முன்னுரிமையை 1 ஆக்கி, உறுப்பு எண் 3 என்று பதிந்தார். பின்னர் மின்சாரத்தை நிறுத்தி, ரேக்கில் ஏற்றி, வளையத்தைப் பிணைத்த பிறகே உயிர் கொடுக்கலாம் என்றார். மூன்றாவதன் துளைகளுக்குரிய குறிப்புகள் தலைமையிடம் இருப்பதால், அதே எண்ணுடன் வருவது அவற்றைத் தானே பெற்றுக்கொள்ளுமாம்.

இதற்கிடையில் நமக்கும் ஒரு வேலை வாய்த்தது. கம்பிகளின் பழைய சீட்டுகள் உதிர்ந்திருந்தன. இளைஞர் கைப்பேசியில் படமெடுத்தார். கம்பியைக் கம்பி மறைத்ததால் எண்கள் தெரியவில்லை. 48 சீட்டுகளை எழுதி, ஒவ்வொன்றாக ஒட்டினோம். எழுத்தர் பணியில் இதைவிடக் கவனமாக நாம் எதையும் எழுதியதில்லை என்றே தோன்றுகிறது.

மூன்று மணிக்குப் பெட்டி எழத் தொடங்கியது. ஏழெட்டு நிமிடங்கள் ஒருவரும் பேசவில்லை. பிறகு பச்சை விளக்குகள் வரிசையாக மின்னின. நான்கு மணிக்குள் குறிப்பு மேலே சென்றது. ஐந்தரைக்கு, மாலையணிந்த தஃப்தரியின் கையில் ஆணை இருந்தது.

திங்கட்கிழமை நம் பிரிவின் அச்சுப்பொறி மட்டும் இயங்கவில்லை. தேடிப் பார்த்ததில், 31 என்னும் சீட்டை நாம் இரண்டு முறை எழுதியிருந்தோம்.