பறக்கும் முன் ஒரு பாடம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் கிடையாது. அங்கே விபத்தில் பலமாக அடிபட்டவரை விமானத்தில் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், முதலில் திருச்சி விமான நிலையம் வரை ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஆனால் சாலையில் நோயாளியைக் கவனிக்கக் கற்றது மட்டும் வானத்தில் போதாது.

ஏன்? ஊட்டிக்கு எடுத்துப்போன சிப்ஸ் பாக்கெட் மேலே ஏற ஏற உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும் விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி அளவுக்குக் குறைந்துவிடும். 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில், அடைபட்ட காற்று சுமார் மூன்றில் ஒரு பங்கு விரியும். விலா எலும்பு முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவருக்கு அதுவே எமன். கிளம்பும் முன்பே மருத்துவர் நெஞ்சில் குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். மூச்சுக்குழாயில் செருகிய குழாயின் சின்ன பலூனும் உப்பும்; அதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் வேறு உதவாது, கண்ணை நம்ப வேண்டியதுதான்!

ஆக்சிஜன் கணக்கு இன்னொன்று. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர். திருச்சி வரை சாலை, அங்கே காத்திருப்பு, பறக்கும் நேரம், கடைசியில் சென்னை நெரிசல், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

பெங்களூரில் விமானப்படையின் நிறுவனம் 1957 முதல் மருத்துவர்களுக்கு விமான மருத்துவம் கற்பிக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இரண்டு மாவட்டச் செவிலியர்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் அங்கே ஒரு வகுப்பு வைக்கலாமே? தேங்கிய காற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவும் சிலிண்டர் கணக்குப் போடவும் விமானம் வேண்டியதில்லை.