பதிவேட்டில் இருந்த சனம்

நெடுந்தீவு,
2025 ஜூன்.

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. போன கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரைகுறையாய்ச் சொல்லிவிட்டு வைக்கிற விஷயம் இல்லை அது.

“ஆளுநர் வேதநாயகன் ஐயா யுத்த நேரம் கிளிநொச்சியில் அரச அதிபராய் இருந்தவராம். அப்ப இவையெல்லாம் ஆருடைய ஆக்கள், சித்தப்பா?” என்று கேட்டாய். அவர் இருந்த மாவட்டத்திலேயே உனக்கு முதல் நியமனம் கிடைத்திருக்கிறது. அதனால் இதை நீ அறிந்திருக்கத்தான் வேண்டும்.

சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. இருந்த மண் புலிகள் இயக்கத்தின் கையில் இருந்தது. கச்சேரி அரசாங்கத்துடையது, அதன் வாசலில் நின்ற சனம் எங்களுடையது. இரண்டு பக்கமும் சந்தேகப்பட்ட ஒரு உத்தியோகம் அது. கிளிநொச்சிப் பட்டினம் 2009 ஜனவரி 2ஆம் திகதி படையினரிடம் போனது. சனம் தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒதுங்க ஒதுங்க, கச்சேரி அலுவலும் கோப்புகளோடு அவர்களின் பின்னால் போனது. மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழேயும் பதிவு நடந்தது.

அந்தப் பதிவு எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் விதானையான என் சீவியமே அதுதான். இங்கே நெடுந்தீவில் ஜே/1 தொடக்கம் ஜே/6 வரை ஆறு கிராம அலுவலர் பிரிவு. விதானை வீடு வீடாய்ப் போய்க் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது என்று எழுதுவான். அது பிரதேச செயலகம் போய், அங்கிருந்து கச்சேரிக்குப் போகும். அங்கே கூட்டி வருகிற தொகைக்குத்தான் அரிசி, மா, பருப்பு, சீனி வரும். 1990 ஆகஸ்டில் தீவகத்துக்குள் படையினர் வந்து, வேலணைச் சனம் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணம் ஓடியபோது, பள்ளிக்கூடங்களில் இருந்தவர்களை விதானைமார் இப்படித்தான் பதிந்தார்கள். பேர் விடுபட்டால் பிள்ளைக்குச் சோறில்லை. ஆகவே ஒரு விதானை எழுதும் தொகையை யாரும் வெறும் இலக்கம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது வன்னிக்கு வருகிறேன். 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஆட்கள் கிளிநொச்சியை விட்டுப் போய்விட்டார்கள். பிறகு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல உத்தியோகப்பற்றுள்ள வாய் இந்தக் கச்சேரிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2009 தொடக்கத்தில் முல்லைத்தீவு மேலதிக அரச அதிபர் பார்த்திபன், ஏறக்குறைய 330,000 பேர் என்று எழுதி அனுப்பினார். கொழும்பு 70,000 பேர்தான் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தொகை குறைந்தால் கப்பலில் வருகிற சாப்பாடும் மருந்தும் குறையும். அவர் கொடுத்த தொகை ஆதாரமற்றது என்றும், இப்படித் தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை வரும் என்றும் அவருக்குக் கடிதம் போனதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிந்திருக்கிறது. யோசித்துப் பார், மகள். தலைக்கு மேலே ஷெல் விழுகிறது. பதுங்கு குழிக்குள் இருக்கிற ஒரு உத்தியோகத்தருக்கு, நீ கொடுத்த தொகை பிழை, நடவடிக்கை எடுப்போம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வருகிறது.

கூட்டித்தான் எழுதினார்கள், இயக்கம் சொல்லி எழுதினார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பதிவில் மிகைப்பு இருக்காது என்று நானும் சத்தியம் பண்ணமாட்டேன். இடம்பெயர்ந்த குடும்பம் இரண்டு இடத்தில் பதிவது எல்லா ஊரிலும் நடப்பது. ஆனால் 70,000 என்று சொன்ன அதே ஆண்டு ஜூலையில், வன்னியிலிருந்து வெளியே வந்தவர்கள் என்று ஐ.நா. கணக்கில் நின்ற தொகை 282,380. யாருடைய கணக்கு உண்மைக்குக் கிட்ட நின்றது என்று சொல்ல வேறு சாட்சி தேவையில்லை.

இவையெல்லாம் ஆருடைய ஆக்கள் என்றுதான் நீ கேட்டாய். அதற்கு அவர்களின் பிந்திய சீவியத்தைப் பார். வைத்தியர்களை எடு. அவர்களும் அரச உத்தியோகத்தர்கள்தானே. சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடத்தை ஆஸ்பத்திரியாக்கி வெட்டிக் கட்டினார்கள். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிறீன் ஓஷன் கப்பலுக்கு ஏற்ற, வள்ளங்களில் கொண்டுபோய்க் கடலில் வைத்து மாற்றினார்கள். நோயாளியைக் கடலால் கொண்டுபோவது என்றால் என்ன என்று நெடுந்தீவாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் குறிகட்டுவானுக்குப் போகும்போது எங்களை யாரும் சுடவில்லை. அப்படிச் சொல்லிவிடவும் முடியாதுதான். 1985 மே 15இல் குமுதினிப் படகில் போன சனம் என்ன பாடுபட்டது என்று உன் அப்பா சொல்லியிருப்பார். கைக்குழந்தையையும் விடவில்லை.

2009 மே மாதம் வன்னியிலிருந்து வெளியே வந்தவுடன் அந்த வைத்தியர்களைத் தடுத்து வைத்தார்கள். ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் செய்தியாளர் முன் இருத்தினார்கள். இறந்தவர் தொகையைப் புலிகளின் நெருக்குதலால் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். ஆகஸ்டில்தான் விட்டார்கள். வரதராஜா பிறகு அமெரிக்காவுக்குப் போய், அன்று சொன்னது நெருக்கத்தில் சொன்னது என்று வெளிப்படையாகச் சொன்னார். சத்தியமூர்த்தி நாட்டிலேயே இருந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார். எங்கள் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் நோயாளிகள் போய்ச் சேர்வது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். ஒருவர் போய்ப் பேசினார், ஒருவர் இருந்து வேலை செய்தார். எது பெரிது என்று தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் எங்களுக்குத் தேவைப்பட்டது.

நிர்வாகத்தில் இருந்தவர்களும் இப்படித்தான். முல்லைத்தீவு அரச அதிபராய் இருந்த இமெல்டா சுகுமார் அம்மா பிறகு யாழ்ப்பாணத்தில் அரச அதிபரானார். நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியும் சொன்னார். வேதநாயகன் ஐயா யுத்தத்துக்குப் பிறகு முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் அரச அதிபராய் இருந்து இளைப்பாறினார். 2024 செப்டெம்பரில் ஆளுநராக வந்தார். வன்னிச் சனத்தோடு சீரழிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பது எனக்கு ஆறுதல். ஆனால் அவர்களுடைய பெயர் நிற்கப்போவது கதிரையால் இல்லை, அந்தப் பதிவேடுகளால்தான் என்று நான் நம்புகிறேன்.

ஏனென்று சொல்கிறேன். 1940இல் இந்த நெடுந்தீவில் பிறந்த பிள்ளை ஒருவர் மன்னார் ஆயரானார், இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 ஜனவரி 8ஆம் திகதி மன்னாரில் அந்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தவற்றில் ஒன்று இந்தக் கச்சேரிக் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர் என்று கச்சேரிப் பதிவு. வெளியே வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி கண்ணை மூடும்வரை அவருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு விதானை தறப்பாளுக்குக் கீழே எழுதிய பட்டியல் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திருக்காது.

எண்ணுவதெல்லாம் ஒன்றல்ல, மகள். அமெரிக்காவில் மக்னமாரா என்று ஒரு பாதுகாப்பு அமைச்சர் இருந்தார், 1961 தொடக்கம் 1968 வரை. வியட்நாமில் எதிரியின் பிணங்களை எண்ணி வெற்றியை அளந்த நிர்வாகம் அவருடையது. நாங்கள் பிழைவிட்டோம் என்று அவர் புத்தகம் எழுத 1995 ஆனது. எங்கள் ஆட்கள் அவரைப் போல எண்ணவில்லை. உயிரோடு இருந்தவர்களை, அவர்களுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கத்தான் எண்ணினார்கள். அவர்கள் எழுதுவதற்குப் பச்சாத்தாபம் தேவையில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும். மேலிடத்திலிருந்து என்ன கடிதம் வந்தது, எந்தக் கப்பல் எந்த நாள் வந்தது, யார் தொகையைக் குறைக்கச் சொன்னார்கள், இயக்கம் என்ன கேட்டது என்று ஒன்றும் விடாமல் எழுத வேண்டும். பதவியில் இருக்கும்போது வாய் திறக்க முடியாது என்பது எனக்கு விளங்கும். இளைப்பாறியவர்களுக்கு என்ன தடை? ஓய்வூதியத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள், பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார்கள். அதுவும் விளங்குகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருசமும் ஒருவர் இரண்டு பேராய்ப் போய்க்கொண்டிருக்கிறோம். பதிவேட்டைக் கறையான் தின்னும், ஆள் இறந்தால் பதிவேட்டைப் படித்துச் சொல்லவும் ஆளிருக்காது.

நீ கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியால் போகும்போது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அங்கே போராட்டம் இருக்கத் தொடங்கிய தாய்மாரை நினைத்துக்கொள். அவர்கள் 146,679 என்று கேட்கவில்லை. தங்கள் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 2008ஆம் ஆண்டுக் குடும்பப் பட்டியலை இன்றைய பட்டியலோடு பேர் பேராய் ஒப்பிட்டால், யார் வெளிநாட்டில், யார் முகாமில் இருந்து வந்தார்கள், யார் எங்கும் இல்லை என்று சொல்லிவிடலாம். விதானைமாரால் அது முடியும். செய் என்று இதுவரை எந்த அரசாங்கமும் சொல்லவில்லை.

நீ சின்ன உத்தியோகத்தர். அதைச் செய்யும்படி உன்னைக் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் செய். உன் பிரிவில் அந்தக் காலத்தில் விதானையாய் இருந்து இளைப்பாறியவர் யாரென்று விசாரி. சனிக்கிழமையில் போ, வெறுங்கையோடு போகாதே. வேலை விஷயமாய் வந்தேன் என்று சொல்லாதே, நெடுந்தீவு விதானையின் பெறாமகள் என்று சொல். அவர் கதைக்கும்போது இடைமறிக்காதே. திகதியும் இடமும் கேட்டு, அன்றிரவே கொப்பியில் எழுதிவை. அவர் பேரைப் போட வேண்டாமென்றால் போடாதே.

அம்மாவிடம் பனங்கிழங்கு ஒடியல் கொடுத்துவிட்டிருக்கிறேன், வந்து எடுத்துக்கொள். அடுத்த லீவுக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவா.

அன்புடன்,
சித்தப்பா