காலாவதி

பிரதிக்கு வெளியே பார்க்காதே என்று நாங்கள் கவிதை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் 1979. நான் அப்போது புதுக்கோட்டை மன்னர் கல்லூரி மாணவன்.

மாமாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை. சின்னச் சங்கம் ஒன்றில் கமிட்டி மெம்பர். சங்கத்துக்கு வக்கீல் கிடையாது. ஒரு ராத்திரி ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சோடு வந்து, நாலைந்து காகிதங்களை என் முன் வைத்தார். சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தம். இங்கிலீஷில் டைப் அடித்த கார்பன் பிரதி.

"மாப்ளே, இது இன்னும் செல்லுமான்னு பாரு. காலம் முடிஞ்சுபோச்சுன்னு பஞ்சப்படியைக் குறைச்சுட்டாங்க."

அமலில் இருக்கும் காலம் மூன்று வருஷம் என்றிருந்தது. முந்தின மாதத்தோடு மூன்று வருஷம் ஆகியிருந்தது. "முடிஞ்சுதான் போச்சு மாமா" என்றேன். படித்த பையன் பார்த்துச் சொல்லிவிட்டான் என்று மாமா சங்கத்தில் சொன்னாராம். யாரும் மனுப் போடவில்லை. புது ஒப்பந்தம் வர எட்டு மாதமாயிற்று. இடையில் போன பணம் போனதுதான்.

மறு வருஷம் நவம்பரில் எல்.ஐ.சி. வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அந்த ஊழியர்களுக்கு 15 சதவிகித போனஸ் என்ற ஒப்பந்தம் 1974 ஜனவரியில், நம் ஜில்லா பிறந்த அதே மாதத்தில், ஏற்பட்டது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், அதை ஒழிக்கவென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 1978இல் ஏழு நீதிபதிகள் அச்சட்டத்தைச் செல்லாததாக்கினார்கள். உடனே கார்ப்பரேஷன், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தது. 1980இல் விசாரித்த மூவரில் ஒருவர் மாறுபட்டார். பெரும்பான்மையில் நின்ற கிருஷ்ணய்யர், நோட்டீஸ் கொடுத்தாலும்கூட, புது ஒப்பந்தமோ தீர்ப்போ சட்டமோ வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையதே நீடிக்கும் என்றார். 1981இல் சர்க்கார் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது.

இதைத் தேடிப் படிக்கையில்தான் 1947ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தின் 19(2) கண்ணில் பட்டது. காலம் முடிந்த பின்பும், ஒரு தரப்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் கழியும்வரை ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும். மாமாவின் ஆலையில் நோட்டீஸ் என்று யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை. நான் பிரதியை மட்டும் படித்திருந்தேன். அதற்கு உயிர் கொடுத்த வரி வேறு புத்தகத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அந்தப் புத்தகமே போய், தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது.

கவிதையைத் தப்பாகப் படித்தால் யாருக்கும் கூலி குறைவதில்லை. அந்தச் சௌகரியத்தில்தான் நாங்கள் அவ்வளவு நிச்சயமாகப் பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது.

விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்" என்றார். கோபமில்லை. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் அவர் என்னிடம் கொண்டுவரவில்லை.