இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

கிளச் இல்லாத காரில் இடது காலுக்கு வேலை இல்லை. பிரேக்கையும் எக்ஸிலேட்டரையும் வலது கால் ஒன்றே பார்த்துக்கொள்ளும். கியரை வண்டி தானே மாற்றிக்கொள்ளும். எமது ஊர்களில் இதை 'ஓட்டோ கியர்' கார் என்பார்கள். இரண்டு கால்களும் சுகமாக உள்ளவர்களுக்கு இது ஒரு சொகுசு. இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த ஒரு பெண்ணுக்கோ இது தொழில்.

பனிச்சங்கேணியில் அப்படி ஓர் அக்கா இருக்கிறார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அவருடைய வீட்டைக் கொண்டுபோனது. 2006இன் கடைசி மாதங்களில் வாகரைப் பிரதேச மக்கள் ஷெல் வீச்சுக்குள் அகப்பட்டிருந்தபோது இடது காலை இழந்தார். 2007இல் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கருவாடு போட்டார், இடியப்பம் அவித்து விற்றார், பாய் இழைத்தார். வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய காசுடன் சீட்டுக் காசையும் சேர்த்து 2018இல் ஒரு பழைய சிறிய ஓட்டோ கியர் காரை வாங்கினார். ஜப்பானில் ஓடி, இங்கே இறக்குமதியாகி, இங்கேயும் மூன்று பேர் கைமாறிய கார். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் சோதனை செய்வித்து, அனுமதிப்பத்திரமும் எடுத்து, வாடகைக்கு ஓடத் தொடங்கினார்.

நான் வந்தாறுமூலையில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, கோறளைப்பற்று வடக்கில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றிய அறிக்கைகளில் 'வாழ்வாதாரம்' என்ற சொல்லை நாங்கள் அடிக்கடி எழுதுகிறோம். இந்த அக்காவைப் பொறுத்தவரை அந்தச் சொல்லின் முழுப் பாரமும் ஒரு கியர்பெட்டியின்மேல் இருந்தது. அந்தப் பெட்டி பழுதாகத் தொடங்கியபோது அவருடன் சேர்ந்து கராஜ்களுக்கு நானும் போனேன். அங்கே அறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அக்காவின் காரை நம்பியிருப்பது அவருடைய வீடு மட்டுமல்ல. மாங்கேணி, காயான்கேணி, பனிச்சங்கேணிப் பக்கத்துக் கர்ப்பிணித் தாய்மாரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது அந்தக் கார். இரவில் வயிற்றுவலி என்றால் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போவதும் அதுதான். மட்டக்களப்பு நகரம் இங்கிருந்து 50 கிலோமீற்றருக்கும் அப்பால். இருட்டிய பின் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது. தெரியாத ஆணின் வாகனத்தில் இரவில் ஏற அஞ்சுகிற பெண்கள், 'அக்காட கார்' என்றால் மறுபேச்சில்லாமல் ஏறுவார்கள்.

காலை இழந்தவர்களுக்கும் இந்த வகைக் கியருக்கும் உள்ள தொடர்பு பழையது. அமெரிக்காவில் 'ஹைட்ராமெட்டிக்' என்ற தானியங்கிக் கியர்பெட்டி, 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் முதன்முதல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அதே கியர்பெட்டியைச் சில இலகு டாங்கிகளிலும் பொருத்தினார்கள். போர் முடிந்தபின் கையையோ காலையோ இழந்து திரும்பிய படைவீரர்கள் ஓட்டக்கூடியதாக அந்தக் கார்களில் விசேட கருவிகளைப் பொருத்தி விற்றார்கள். 1946இல் அமெரிக்க அரசு, போரில் காலை இழந்தவர்கள் கார் வாங்க ஆளுக்கு 1,600 டொலர் வரை உதவி வழங்கச் சட்டம் செய்தது. காலை இழந்த மனிதருக்குச் செயற்கைக் காலைப் போலவே நடமாட ஒரு வாகனமும் தேவை என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பனிச்சங்கேணி அக்கா அதே முடிவுக்குத் தன் சீட்டுக் காசில் வந்தவர்.

கடந்த வருடம் காரில் மூன்று குறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. முதலாவது, காலையில் கியர்க் கோலை 'டி'யில் போட்டால் வண்டி உடனே இழுக்காது. இரண்டு மூன்று விநாடி நின்று, பிறகு 'டக்' என்று ஒரு குலுக்கலுடன் கிளம்பும். இரண்டாவது, ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வேகம் மட்டும் கூடாது. மூன்றாவது, ஒருநாள் மாலை வைத்தியசாலை வாசலில் கோல் 'பி'யை விட்டு அசையவே இல்லை. அன்று பிள்ளைத்தாய்ச்சி ஒருவர் பின் ஆசனத்தில் இருந்தார். அவரை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது.

முதலில் போன கராஜில் வண்டியின் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "கியர்பெட்டி முடிஞ்சுது, மாத்த மூணு லட்சம் வேணும்" என்றார்கள். அதையும் அக்காவிடம் சொல்லவில்லை. கூட வந்த அவருடைய பெறாமகனைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அந்தப் பையனுக்குச் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. ஏழு வருடமாக அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டவர் அக்கா. ஆனாலும் இயந்திரம் பற்றிய பேச்சு ஆணிடம்தான் போகவேண்டும் என்பது எமது சமூகத்தில் எழுதாத விதியாக இருக்கிறது.

காரை விற்றுவிட்டு வேறு வாங்குவதும் இலகுவல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2022இல் எரிபொருள் வரிசைகளையும் கியூ.ஆர். அட்டையையும் தாண்டி ஓடிய வண்டி அக்காவின் வண்டி. வயது போன வண்டியைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர எம்மைப் போன்றவர்களுக்கு வேறு வழி இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வீட்டுக்குப் போனால் நடந்ததைத் திகதி போட்டு எழுதுவோம். அதையே காருக்கும் செய்வோம் என்று அக்காவிடம் ஒரு கொப்பி கொடுத்தேன். குளிரிலா சூட்டிலா, எந்தக் கியரில், எத்தனை பேர் ஏறியபோது, எந்த இடத்தில் என்று இரண்டு கிழமை எழுதினார். பிறகு வாழைச்சேனைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் கொப்பியை முழுதாக வாசித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "புள்ள, வண்டிக்குக் கீழ ஒயில் சொட்டுறதக் கண்டீங்களா?" என்று கேட்டார். அக்கா காணவில்லை. வளவெல்லாம் கடற்கரை மணல். மணல் ஒயிலைக் குடித்துவிடும்.

அவர் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தார். ஒயில் நுனியில் கொஞ்சம்தான் தொட்டிருந்தது. சிவப்பாக இருக்கவேண்டியது கருஞ்சிவப்பாக இருந்தது. கியர் ஒயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போய்வரும் இரும்புப் பைப் உப்புக் காற்றில் துருப்பிடித்து, ஊசித் துளையால் கசிந்துகொண்டிருந்தது.

ஒயில் குறைந்தால் ஏன் கியர் பிடிக்காது என்று கேட்டேன். அவர் இரண்டு மின்விசிறிகளை முகத்துக்கு முகம் வைத்ததுபோல என்று விளக்கினார். ஒன்றைச் சுழலவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். இந்தக் கார்களில் எஞ்சினின் பலம் கியர்பெட்டிக்குப் போவது அப்படித்தான்; காற்றுக்குப் பதில் ஒயில். கியர்பெட்டிக்குள் இருக்கும் கிளச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதே ஒயிலின் அழுத்தம். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூட்டில் ஒயிலும் கருகும், தட்டும் தேயும். காலையில் வந்த தாமதமும் பாலத்தில் வந்த கத்தலும் ஒரே காரணத்தால் வந்தவை.

கீழ்த்தட்டைக் கழற்றி வடியைச் சுத்தம் செய்தார். தட்டிலுள்ள காந்தத்தில் நரைநிறப் பசைதான் ஒட்டியிருந்தது. அது சாதாரணத் தேய்மானம். இரும்புச் சீவல்கள் இருந்திருந்தால்தான் பெட்டியை மாற்றவேண்டும் என்றார். பைப்பை மாற்றி, அந்த வண்டிக்குரிய ஒயிலை ஊற்றினார். ஒருமுறை வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் உள்ளே நிற்கும். அதனால் 1,000 கிலோமீற்றர் ஓடியபின் மறுமுறையும் மாற்றினோம். இரண்டு முறைக்கும் சேர்த்து 40,000 ரூபாவுக்குள் முடிந்தது.

'பி'யை விட்டு அசையாத கோலுக்கும் கியர்பெட்டிக்கும் தொடர்பே இல்லை. பிரேக்கை மிதித்தால்தான் கோல் 'பி'யிலிருந்து விடுபடும்படி ஒரு பூட்டு இருக்கிறது. பிரேக் லைற்றை எரிக்கும் சின்ன சுவிட்ச்தான் அந்தப் பூட்டுக்கும் செய்தி சொல்கிறது. சுவிட்ச் பழுதானால் பின்னால் லைற்றும் எரியாது, கோலும் அசையாது. பல கார்களில் கோலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி அல்லது பொத்தான் இருக்கும். கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி அதைத் திறப்பால் அழுத்தினால் கோலை நகர்த்தலாம். ஆனால் பிரேக் லைற் இல்லாமல் வீதியில் ஓடுவது ஆபத்து. அன்றைக்கே சுவிட்சை மாற்றிவிடவேண்டும்.

இனி வண்டி புதுசுபோல ஓடும் என்று சொல்ல முடியாது. தேய்ந்த தட்டு மீண்டும் வளராது. நன்றாகச் சூடேறிய பின் மூன்றாம் கியரிலிருந்து நாலுக்கு மாறும்போது இன்னும் சிறிது குலுங்குகிறது. மூன்று பேருக்கு மேல் ஏற்றவேண்டாம், ஏற்றத்தில் ஓவர்டிரைவை நிறுத்தி ஓட்டுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். அக்கா மாதம் 5,000 ரூபாவைத் தனியாக எடுத்து வைக்கிறார். பெட்டி ஒருநாள் போகும், அன்றைக்குக் கடன்காரரிடம் போகக்கூடாது என்பது அவருடைய கணக்கு.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய ஓட்டோ கியர் கார் இருந்தால் சில விடயங்களை மனதில் வையுங்கள். இரவில் வண்டிக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையைப் போட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். சிவப்புத் துளி என்றால் கியர் ஒயிலாக இருக்கலாம். பெரும்பாலான பழைய ஜப்பான் கார்களில், சம தரையில் நிறுத்தி, எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரேக்கை மிதித்தபடி கோலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் 'பி'யில் விட்டபின் அளவு பார்க்கவேண்டும். சில கார்களில் முறை வேறு, சிலவற்றில் அளவுக் கம்பியே இல்லை. வண்டியின் கைநூலையோ தெரிந்த மெக்கானிக்கையோ கேளுங்கள். ஒயில் பால் கலந்ததுபோல வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாரி வெள்ளத்தில் நின்ற வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், பார்க்கும்வரை ஓட்டக்கூடாது.

எல்லா ஓட்டோ கியரும் ஒன்றல்ல. பட்டியும் கப்பிகளும் கொண்ட இன்னொரு வகை உண்டு. 1958இல் ஒல்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பட்டியுடன் அதைச் சிறிய காரில் அறிமுகப்படுத்தியது. 1992இல் வந்த நிசான் மார்ச் காரிலும் உலோகப் பட்டியுடன் அந்த வகை இருந்தது. இதைச் சி.வி.டி. என்பார்கள். அதற்குரிய ஒயில் வேறு. மாற்றி ஊற்றினால் பெட்டி கெட்டுவிடும். கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றால் வாங்காமல் வாருங்கள்.

வண்டி முழுதாக நிற்குமுன் 'ஆர்'க்கோ 'பி'க்கோ மாற்றாதீர்கள். நின்றுபோன ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. முன்சில்லு இழுக்கும் காரை முன்சில்லு நிலத்தில் உருள கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் கியர்பெட்டியின் ஒயில் பம்பும் ஓடாது, உள்ளே எல்லாம் உராய்ந்து போகும். முன்பக்கத்தைத் தூக்கி, அல்லது லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.

பனிச்சங்கேணியில் இப்போது இரண்டு இளம் பெண்கள் அக்காவிடம் கார் ஓடப் பழகுகிறார்கள். பக்கத்தில் இருந்துகொண்டு, கொப்பியையும் அவர்களிடமே எழுதக் கொடுக்கிறார். உங்கள் ஊரிலும் வண்டி ஓடிப் பிழைக்கும் பெண்கள் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கராஜுக்குப் போகுமுன் நான்கு வரி எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே வண்டியின் குறையை அவர்களே வாய்திறந்து சொல்லட்டும்.