மூவாரில் ஃபாக்ஸ்கிளவ்

ஜனவரி 5

மலைமேல் பிரிஞ்சாங்கில் காய்கறி போடும் அண்ணன் தீபாவளிக்கு வந்தபோது கொடுத்த ஃபாக்ஸ்கிளவ் நாற்றுகள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. வளர்கின்றன என்று சொல்ல முடியாது. பின்கட்டில், உச்சி வெயில் எட்டாத இடத்தில் தொட்டிகளை வைத்திருக்கிறேன். இலைகள் மண்ணோடு மண்ணாக வட்டமாகப் படர்ந்திருக்கின்றன. மேற்புறம் சுருக்கம் சுருக்கமாக, அடிப்புறம் சாம்பல் நிற மென்மயிரோடு. விடியும்போது நிமிர்ந்து நிற்பவை, மண்ணில் ஈரம் இருக்கும்போதே பத்து மணிக்கெல்லாம் துவண்டுவிடுகின்றன.

ஆசைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எல்லாரும் அறிந்த ஊதாப்பூ டிஜிட்டாலிஸ் பர்பூரியாவோடு என் மனம் நிற்கவில்லை. ஸ்பெயின் மலைகளின் பார்விஃப்ளோரா வேண்டும்: சாக்லேட் நிறத்தில் குட்டிப் பூக்கள், கதிர் போல நெருக்கியடித்துக்கொண்டு. துருநிற ஃபெருஜினியா வேண்டும். கேனரி தீவுகளில் புதராக வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் கேனரியென்சிஸ் வேண்டும். அந்தத் தீவுகளில் தேன்சிட்டு கிடையாது. பூச்சி பிடித்துத் தின்னும் கதிர்க்குருவிகளே இந்தப் பூவில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கின்றன.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கிய பிறகு தொட்டிகளைப் பார்த்தேன். ஒரு செடியின் குருத்து அழுகிவிட்டது.

ஊதா ஃபாக்ஸ்கிளவ் இரண்டாண்டுச் செடி. முதல் ஆண்டு இலை மட்டுமே. பத்து டிகிரிக்கும் கீழே சில வாரங்கள் குளிர்ந்தால்தான் மறு ஆண்டு பூந்தண்டு எழும். மூவாரில் விடியற்காலையில்கூட 23 டிகிரி. குளிரைக் கேட்காமல் முதல் ஆண்டே பூக்கும் ரகங்களும் உண்டு. 1967இல் அமெரிக்காவில் விருது வாங்கிய ‘ஃபாக்ஸி’ அப்படிப்பட்டது. அண்ணன் தந்ததும் அந்த மாதிரி ரகம்தான். ஆனால் பூக்கக் குளிர் வேண்டாம் என்பது வேறு, வெக்கையைத் தாங்கும் என்பது வேறு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துப் பிரிஞ்சாங்கில், இரவு குளிர்ந்ததும் செடி பகல் வெளிச்சத்தில் சேர்த்ததை மிச்சம் பிடிக்கிறது. இங்கே இரவெல்லாம் மூச்சு விட்டே அதைச் செலவழித்துவிடுகிறது. போதாததற்குப் புழுக்கமும் பூஞ்சையும்.

சாயங்காலம் வேலியோரம் மண்ணை மேடாக்கி, அடுக்களையில் இருந்த கறுப்பு எள்ளைத் தூவினேன். ஃபாக்ஸ்கிளவ்வைப் போல எள்ளுப்பூவும் குழல் வடிவம்தான். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, “ஏம்மா, எள்ளைப் போயி வீட்டுல விதைப்பாங்களா?” என்றார். “எண்ணெய் மட்டும் வீட்டுக்குள்ள வரலாமாப்பா?” என்றேன். பதில் இல்லை.

பிப்ரவரி 9

நர்சரியில் ஆஞ்சலோனியா வாங்கினேன். ஊதா நிறம், வாயைப் பிளந்த சின்னப் பூக்கள். வெப்ப நாட்டு வெயிலில் பிறந்தது, மூவார் வெயிலுக்கு முகம் சுளிக்கவில்லை. தாவரவியலில் இதுவும் ஃபாக்ஸ்கிளவ்வும் ஒரே குடும்பம். வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கும் நீர்ப்பிரமியும் சர்க்கரைவேம்பும் அதே குடும்பம்தான். களை என்று பிடுங்கி எறிந்துகொண்டிருந்தவை எல்லாம் என் விருந்தாளியின் சொந்தக்காரர்கள்.

மார்ச் 2

எள் பூத்துவிட்டது. விடியுமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இலைக் கக்கத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு வெளிறிய ரோஜா நிறக் குழல், தொங்கினாற்போல. வெளியே மென்மயிர். கீழ் உதடு மட்டும் சற்று நீண்டு, தும்பியோ தேனீயோ வந்து இறங்கத் திண்ணை போட்டதுபோல் இருக்கிறது. குழலுக்குள்ளே ஊதாத் தீற்றல். ஃபாக்ஸ்கிளவ்வின் தொண்டையில் இருக்கும் புள்ளிகள் அளவுக்கு இல்லை, ஆனாலும் அழகு. பூக்காம்பின் அடியில் கடுகளவு மஞ்சள் வட்டம் ஒன்று: பூவுக்கு வெளியே இருக்கும் தேன்சுரப்பி. அங்கே எறும்புகள் வரிசை கட்டி நின்றன. மத்தியானம் தாண்டியதும் பூக்கள் உதிர்ந்து தரையில் கிடந்தன. மேலே நாளைக்கான மொட்டுகள். ஃபாக்ஸ்கிளவ்வும் இப்படித்தான், அடியிலிருந்து நுனி நோக்கிப் பூத்துக்கொண்டே போகும்.

அழகிய மூக்குக்கு எள்ளுப்பூவை உவமை சொன்ன புலவர்கள் வயலில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஹரப்பாவில் நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கருகிய எள் கிடைத்திருக்கிறது. அத்தனை பழைய பயிரைப் பூவுக்காக வளர்க்க நமக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 16

அப்பாவின் மாத்திரைப் பெட்டியை நிரப்பும் நாள். அதில், ஃபாக்ஸ்கிளவ் இனத்திலிருந்து வரும் இதய மருந்தான டிகாக்சினும் ஒன்று. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு ஃபாக்ஸ்கிளவ் இலையைப் பத்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, 1785இல் புத்தகமாக எழுதினார். எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்பதே அவருக்குப் பெரும்பாடு. டிகாக்சின் கிடைத்தது 1930இல், பால்கன் பகுதியைச் சேர்ந்த லனாட்டா என்ற இனத்திலிருந்து. விதைப் பட்டியலில் யாரும் நின்று பார்க்காத மங்கிய பூ. மருந்துக்கு இன்றும் அதன் இலைதான்.

“இதுவாம்மா உன் தொட்டியில இருக்கறது?” என்று அப்பா மாத்திரையை உயர்த்திப் பார்த்தார். “அதோட பங்காளிப்பா. இலையைக் கிள்ளி வாயில போட்டுடாதீங்க.”

சொல்லிவிட்டுத்தான் வாசலைப் பார்த்தேன். சாமிக்குப் பறிக்கும் செவ்வரளி, பக்கத்தில் மஞ்சள் அரளி. தெருவோரத்தில் போங்-போங் மரம். மூன்றிலும் இருப்பது ஃபாக்ஸ்கிளவ்வின் நஞ்சைப் போலவே இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு. இலங்கையில் மஞ்சள் அரளிக் கொட்டை நஞ்சேறியவர்களுக்கு, டிகாக்சினை முறிக்கவென்று செய்த மருந்தைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. குடும்பம் வேறு, நாடு வேறு, முறிமருந்து ஒன்று.

ஏப்ரல் 7

மழை பிடித்துக்கொண்டது. காய் வெடித்து எள் கொட்டுமுன் செடிகளை அறுத்து, கட்டுக் கட்டாகத் தாழ்வாரத்தில் சாத்தி வைத்தேன். எள்ளுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. அடுத்த விதைப்பு ஜூனில், மழை குறையும்போது, இன்னும் உயரமான மேட்டில்.

கடைசி ஃபாக்ஸ்கிளவ்வும் போய்விட்டது. எனக்கு அதில் பிடித்தது எது என்று யோசித்தேன். குழல் பூ என்றால் எள்ளில் இருக்கிறது. குடும்பம் என்றால் வாய்க்கால் ஓரம் இருக்கிறது. இதயத்தைத் தொடும் வீரியம் என்றால் வாசல் அரளியில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்த ஒரே செடிதான் இந்த ஊரில் நிற்காது. அது மலைக்காரர்களின் சொத்து.

இரவு அண்ணன் அழைத்தார். “இன்னும் நாற்று கொடுத்து விடவா?”

“வேண்டாம்ணே. பூக்கும்போது சொல்லு, அப்பாவைக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன்.”